நாட் கிங் கோல் நிகழ்ச்சி பதின்மூன்று மாதத்தில் நின்றது ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: 1956-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் பாடகர் நாட் கிங் கோல் தொடங்கிய இசை நிகழ்ச்சி, அத்தனை பெரிய விருந்தினர்கள் வந்து பாடியும் அடுத்த ஆண்டே முடிந்துபோனது ஏன்? பார்க்க ஆள் இல்லையா? அல்லது நிறவெறியால் என்பிசியே இழுத்து மூடியதா? தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தானா?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அவர் முதலாமவர் அல்லர். அவருக்கு ஆறு ஆண்டுகள் முன்னாலேயே ஒரு பெண்மணி வந்து போய்விட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் அவ்வளவு சுலபமான பதில் கிடையாது. என்பிசி அந்த நிகழ்ச்சியை மூடவில்லை. கைக்காசைப் போட்டு ஓராண்டுக்கு மேல் ஓட்டியது. நிறுத்தியவர் கோலே. அவரை அந்த முடிவுக்குத் தள்ளியவர்கள், நாடு முழுவதும் பொருள் விற்கும் பெரிய வணிகர்கள். அவர்கள் பயந்தது நடந்த எதற்காகவும் இல்லை. வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ என்று தாங்களே கற்பனை செய்துகொண்டு பயந்தார்கள்.

இது புரிய வேண்டுமானால் அக்காலத் தொலைக்காட்சியின் கணக்கு வழக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னைத் தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அரசு நிகழ்ச்சி தயாரிக்கும், இடையில் விளம்பரம் வரும் என்ற ஏற்பாடுதான் பழக்கம். 1950-களின் அமெரிக்காவில், 'இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர்கள்' என்று அறிவிக்கப்படும் நிறுவனமே பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு எஜமானராக இருந்தது. பெயரிலேயே அது தெரியும்: 'டெக்சகோ ஸ்டார் தியேட்டர்' பெட்ரோல் நிறுவனத்தின் நிகழ்ச்சி, 'கோல்கேட் காமெடி ஹவர்' பற்பசை நிறுவனத்தின் நிகழ்ச்சி. யாரைப் பாடவைப்பது, யாரைக் கூப்பிடக் கூடாது என்பதில் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் உட்கார்ந்திருந்த விளம்பர முகவர்களின் சொல்லுக்கே அதிக எடை. வழங்குபவர் இல்லாத நிகழ்ச்சியை அலைவரிசை தன் செலவில் ஒளிபரப்பலாம். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி.

இந்த ஏற்பாட்டுக்குள் கோல் புதிதாக நுழைந்தவர் இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்தும் இடமே அதுதான். 1946-லிருந்து 1948 வரை அதே என்பிசியின் வானொலியில் 'கிங் கோல் டிரியோ டைம்' என்று பதினைந்து நிமிட நிகழ்ச்சி வந்தது. பியானோ, கிட்டார், பேஸ் மூன்று மட்டும், டிரம் கிடையாது. அதை வழங்கியது வைல்ட்ரூட் என்ற தலைமுடிக் கிரீம் நிறுவனம். ஒரு கறுப்பினக் குழுவின் பெயரில் நாடு முழுவதும் தலைக்கிரீம் விற்றார்கள். யாரும் கடையை மாற்றவில்லை, யாரும் வானொலிப் பெட்டியை உடைக்கவும் இல்லை. பத்தே ஆண்டுகளில் அதே குரலுக்கு ஒரு முகமும் சேர்ந்து வீட்டுக் கூடத்துக்குள் வந்தபோது, தலைக்கிரீம், சோப்பு, சிகரெட் விற்பவர்கள் அத்தனை பேருக்கும் கை நடுங்கியது.

கோல் பிறந்தது 1919-இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரியில்; வளர்ந்தது சிகாகோவில். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். குரங்கையும் பிணந்தின்னிக் கழுகையும் வைத்து அப்பா பிரசங்கத்தில் சொல்லும் கதையை மகன் பாட்டாக்கினார். 1944-இல் அவருக்குப் பெரிய வெற்றி தந்தது அந்தப் பாட்டு. அதுவரை அவரை ஜாஸ் ரசிகர்கள் பியானோக்காரராகத்தான் அறிந்திருந்தார்கள். இன்றைக்கும் சிலர், பாட ஆரம்பித்து ஒரு நல்ல பியானோக் கலைஞரைக் கெடுத்துக்கொண்டார் என்று முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்த முணுமுணுப்புக்குக் காரணம் உண்டு, அவ்வளவு நன்றாக வாசிப்பார். பிறகு 'நேச்சர் பாய்', 'மோனா லிசா', 'அன்ஃபர்கெட்டபிள்' என்று வரிசையாக வெற்றி. கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் வட்டக் கட்டடம் ஹாலிவுட்டில் 1956-இல் எழுந்தபோது 'நாட் கட்டிய வீடு' என்றே பேசிக்கொண்டார்கள்.

அவர் தமக்கென்று வாங்கிய வீட்டின் கதை வேறு. 1948-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க் பகுதியில் வாங்கினார். அங்கே குடியிருந்த வெள்ளையர்கள் சங்கம் கூடி, விரும்பத்தகாதவர்கள் இந்தப் பகுதிக்கு வருவதை நாங்கள் விரும்பவில்லை என்றார்கள். நானும்தான் விரும்பவில்லை, அப்படி யாராவது வந்தால் முதலில் புகார் செய்பவன் நானாகத்தான் இருப்பேன் என்று பதில் சொன்னார் கோல். குரல் உயராது, ஆனால் ஊசி இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து மேடிசன் அவென்யூவுக்கும் அதே ஊசிதான் விழுந்தது.

தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கிய ஆண்டிலேயே, 1956 ஏப்ரல் 10 அன்று, அலபாமாவின் பர்மிங்ஹாமில் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த அரங்கில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது சில ஆட்கள் மேடைமேல் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் அடி. அதன் பிறகு தெற்கு மாநிலங்களில் அவர் பாடவில்லை. கொடுமை என்னவென்றால், அடி வாங்கியவருக்கே திட்டும் கிடைத்தது: இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் ஏன் போய்ப் பாடினாய் என்று கறுப்பினத் தலைவர்கள் சிலரும் பத்திரிகைகளும் கடுமையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆக, அந்த நவம்பரில் கேமராவின் முன்னால் சிரித்துக்கொண்டு வந்து நின்றவர் இரண்டு பக்கத்திலும் அடிபட்டவர். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஒளிபரப்பு 1956 நவம்பர் 5, திங்கட்கிழமை. மறுநாள் ஐசன்ஹவர் இரண்டாவது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் தேர்தல். இரவு 7.30-க்குத் தொடங்கிப் பதினைந்தே நிமிடம், பிறகு செய்தி. நான்கு பாட்டு, இரண்டு வார்த்தை, வணக்கம், அவ்வளவுதான். எட்டாம் நாள், மாண்ட்கமரி நகரப் பஸ்களில் இனம் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கோல் பிறந்த அதே ஊர். நிகழ்ச்சியில் அதைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. பேசும் இடமாக அது வடிவமைக்கப்படவும் இல்லை. பியானோ முன்னால் ஒருவர் நல்ல கோட்டு அணிந்து சாவதானமாக உட்கார்ந்திருப்பார், பின்னால் ஹாலிவுட்டின் மிகச் சிறந்த இசை அமைப்பாளர்களில் ஒருவரான நெல்சன் ரிடிலின் குழு வாசிக்கும். கோமாளி வேடமோ வேலைக்காரன் வேடமோ போடாத ஒரு கறுப்பினக் கலைஞர், விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரராக வாராவாரம் திரையில் தோன்றினார். அந்த நாட்டின் தொலைக்காட்சிக்கு அதுவே பெரிய செய்தி.

பார்வையாளர் கணக்குக்கு வருவோம். இதில் கோலின் ரசிகர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். அதே நேரத்தில் சிபிஎஸ் அலைவரிசையில் ராபின் ஹூட் சாகசத் தொடர் ஓடியது. குழந்தைகள் உள்ள வீட்டில் எது ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோலின் நிகழ்ச்சி அதற்குப் பக்கத்தில்கூட நெருங்கவில்லை. என்பிசி 1957 ஜூலையில் அதை அரை மணி நேரமாக்கி, செவ்வாய் இரவு 10 மணிக்கு மாற்றியது. அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தது அமெரிக்காவையே கட்டிப்போட்ட '64,000 டாலர் கேள்வி' வினாடி வினா! இப்படிப்பட்ட இடங்களில் போட்டுவிட்டு எண்ணிக்கை குறைவு என்று சொல்வதும் முழு நியாயம் ஆகாது. அதே 1957-இல் கோலின் 'லவ் இஸ் த திங்' இசைத்தட்டுத் தொகுப்பு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. கடையில் பணம் கொடுத்து அவரை வாங்குகிறார்கள். ஆனால் அவரை வைத்து எங்கள் சரக்கை விற்க முடியாது என்கிறார்கள் வணிகர்கள். எந்த ஊர்க் கணக்கு இது?

பணம் இல்லாத நிகழ்ச்சியை நண்பர்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள். எலா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டி, பெகி லீ, மெல் டார்மே, பேர்ல் பெய்லி, மஹாலியா ஜாக்சன், ஆஸ்கர் பீட்டர்சன் போன்றவர்கள் வந்தார்கள். இவர்களில் எவரையும் சாதாரண நாளில் கூப்பிட்டால் ஒரு நிகழ்ச்சியின் மொத்தச் செலவும் ஒருவர் சம்பளத்துக்கே போய்விடும். கோலுக்காகக் கலைஞர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு வந்து பாடினார்கள். கோலும் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை நிகழ்ச்சிக்கே திருப்பிப் போட்டார். வெளியூர்க் கச்சேரிகளைத் தவிர்த்ததால் ஐந்து லட்சம் டாலர் வரை இழந்ததாக அவரே பிறகு கணக்குச் சொன்னார்.

வழங்குபவர் ஒருவருமே இல்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. நாடு முழுமைக்கும் நிலையாக நின்று பணம் கொடுத்தவர் இல்லை என்பதே சரி. ஊர் ஊராகச் சில்லறை விளம்பரம் கிடைத்தது: நியூயார்க்கில் ரைன்கோல்டு பீர், லாஸ் ஏஞ்சலிஸில் ஒயினும் பற்பசையும், நியூ ஆர்லியன்ஸில் வேறொரு பீர், ஹூஸ்டனில் கோக்க-கோலா. நியூ ஆர்லியன்ஸும் ஹூஸ்டனும் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். தெற்கில்தான்! தெற்கத்தியர் கோபித்துக்கொள்வார்கள் என்று நியூயார்க்கில் உட்கார்ந்து பயந்தார்கள்; தெற்கிலேயே பீர் விற்பவருக்கு அந்தப் பயம் இல்லை. தெற்கில் சில நிலையங்கள் நிகழ்ச்சியை வாங்க மறுத்தது உண்மை. ஆனால் 'தெற்கு' என்ற ஒற்றைச் சொல்லைத் திரையாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்தவர்கள் வடக்கே இருந்தார்கள்.

திரையிலும் அந்தப் பயத்தின் தடயம் உண்டு. வெள்ளைப் பாடகியர் பக்கத்தில் நிற்கும்போது கை மேலே படாமல் கோல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய பதிவுகளைப் பார்க்கும்போது, இசைக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பவர் உடம்பால் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார் என்பது கண்ணில் படும். ஒரு முறை கவனித்துவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

1957 செப்டம்பரில் நிகழ்ச்சி செவ்வாய் இரவு 7.30-க்கு வந்தது. அதே மாதம் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. ஐசன்ஹவர் ஆணையிட்ட செப்டம்பர் 24-ஆம் நாளும் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த இலையுதிர் காலத்தில் புதிதாக ஒரு பெரிய நிறுவனம் துணிந்து முன்வரும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. குறைந்த செலவில், சனிக்கிழமை மாலை 7 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று என்பிசி சொன்னது. கோல் மறுத்துவிட்டார். 1957 டிசம்பர் 17 அன்று கடைசி நிகழ்ச்சி.

இரண்டு மாதம் கழித்து, 1958 பிப்ரவரி எபனி இதழில், நிகழ்ச்சியை ஏன் விட்டேன் என்று அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பின வாசகர்களுக்கான மாத இதழ் அது. என்பிசியைப் பழிக்கவில்லை, அடித்தது முழுக்க மேடிசன் அவென்யூவை. பதின்மூன்று மாதம் நான் தொலைக்காட்சியின் ஜாக்கி ராபின்சனாக இருந்தேன் என்கிறார். 1947-இல் வெள்ளையர் மட்டும் ஆடிய பெரிய பேஸ்பால் லீகில் தனி ஆளாகப் போய் நின்ற வீரர் ராபின்சன். ஒப்பனைப் பொருள் நிறுவனம் ஒன்றின் ஆள், கறுப்பர் ஒருவரால் பெண்களுக்கு உதட்டுச்சாயம் விற்க முடியாது என்று சொன்னாராம். எங்கள் பெண்கள் உதட்டில் என்ன பூசுகிறார்கள் என்று நினைத்தார்கள், சுண்ணாம்புக்கட்டியா என்று கேட்கிறார் கோல். அடுத்தது இன்னும் அழகு: தொலைபேசி நிறுவனம் ஏன் பயப்பட வேண்டும்? தொலைக்காட்சியில் ஒரு கறுப்பரைப் பார்த்துவிட்டு, என் வீட்டுத் தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்று எவனாவது கூப்பிட்டுச் சொல்வானா? மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்ற வாசகமும் அவர் சொன்னதாகவே நிலைத்துவிட்டது. ஹான்காக் பார்க்கில் பேசிய அதே மனிதர்தான்.

இனி அந்தப் பெண்மணி. ஹேசல் ஸ்காட், டிரினிடாட் தீவில் 1920-இல் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். எட்டு வயதிலேயே ஜூலியார்டு இசைக்கல்லூரி ஆசிரியர்களை அசரவைத்த பியானோக் கலைஞர். மேற்கத்திய செவ்வியல் இசை மேதை பாக் இயற்றியதைப் பாடத்தில் உள்ளபடி தொடங்கி, நாலு வரி போனதும் இடது கையால் ஜாஸ் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். கிளப்பில் கூட்டம் அதற்காகவே வரும். இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் வாசிக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார். கோலுக்கு 1956-இல் உறைத்த பாடத்தை இவர் முன்பே சட்டமாக்கி வைத்திருந்தார். டூமாண்ட் என்ற சிறிய அலைவரிசை 1950 ஜூலையில் இவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது: திங்கள், புதன், வெள்ளி, பதினைந்து நிமிடம்.

இவரை விளம்பரதாரர் பயமுறுத்தவில்லை; ஒரு சிறு புத்தகம் பயமுறுத்தியது. 'ரெட் சேனல்ஸ்' என்று ஜூன் மாதம் வெளிவந்த அந்தப் பட்டியலில், கம்யூனிஸ்ட் தொடர்பு உள்ளவர்கள் என்று 151 பேரைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதில் ஸ்காட்டும் ஒருவர். அவருடைய கணவர் ஆடம் கிளேட்டன் பவல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். சும்மா இருந்தால் ஒருவேளை புயல் கடந்திருக்கும். ஸ்காட் சும்மா இருப்பவர் இல்லை. தாமே முன்வந்து செப்டம்பர் 22 அன்று, கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஆஜராகி, நான் கம்யூனிஸ்ட் அல்ல, இப்படிப் பட்டியல் போடுவது அவதூறு என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வாரத்தில் நிகழ்ச்சி போய்விட்டது. மொத்தம் மூன்று மாதம்கூட இல்லை. பின்னாளில் அவர் பாரிசுக்கே குடிபோய்ப் பல ஆண்டுகள் இருந்தார்.

ஸ்காட்டின் அந்த நிகழ்ச்சியை இன்று பார்க்க வழியே இல்லை. அக்காலத்தில் நேரலையாக ஒளிபரப்பானதைத் திரையிலிருந்து பிலிமில் படம்பிடித்து வைத்தால்தான் உண்டு. டூமாண்ட் அலைவரிசை 1956-இல் மடிந்தது. அதன் எஞ்சிய பிலிம்களை 1970-களின் தொடக்கத்தில் மூன்று பெரிய லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள் என்று, நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையில் சாட்சி சொன்னார். கோலின் நிகழ்ச்சி அந்த வகையில் பாக்கியம் செய்தது. பல பகுதிகள் பிழைத்திருக்கின்றன. 'முதல் கறுப்பினக் கலைஞர்' என்ற பெயர் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கோலுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1959-இல் ஹாரி பெலஃபான்டியின் ஒரு மணி நேர இசை நிகழ்ச்சியை ரெவ்லான் வழங்கியது. ஆம், உதட்டுச்சாயம் விற்கும் நிறுவனம்தான்! அதற்காக பெலஃபான்டி தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார்; அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அடுத்த நிகழ்ச்சிக்குப் பிறகு, மேடையில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடிப் பாட வேண்டாம் என்ற பேச்சு வந்தது, பெலஃபான்டி விலகிக்கொண்டார். 1966-இல் கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸுக்கு என்பிசி கொடுத்த நிகழ்ச்சி சில மாதங்களில் முடிந்தது. கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ஃப்ளிப் வில்சன் 1970-இல் தொடங்கியதுதான் நான்கு ஆண்டுகள் நிலைத்து ஓடியது. அதைப் பார்க்க கோல் இல்லை. ஓயாமல் சிகரெட் பிடித்த அவர் 1965 பிப்ரவரியில், நாற்பத்தைந்து வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

நடுவில் 1968-இல் ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் பாடகி பெட்டுலா கிளார்க்கின் சிறப்பு நிகழ்ச்சியில் பெலஃபான்டி விருந்தினர். இருவரும் சேர்ந்து பாடும்போது பெட்டுலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிகழ்ச்சியை வழங்கிய கார் நிறுவனத்தின் பிரதிநிதி, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, இருவரும் தள்ளி நிற்கும் வேறு படப்பிடிப்பைப் போடச் சொன்னார். பெட்டுலாவும் அவர் கணவரும் தள்ளி நின்று எடுத்த மற்றப் படப்பிடிப்புகளை எல்லாம் அழிக்கவைத்துவிட்டு, கை பிடித்ததை மட்டும் ஒப்படைத்தார்கள். அதுவே ஒளிபரப்பானது.